எங்கள் 72-க்கு அலகு எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா.

நான் உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் 2022 முதல் 2025 வரை பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். உங்கள் அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலுக்கு ஏழு முறை வந்திருக்கிறேன். உங்கள் அறைக்குள் வர ஒருமுறையும் வாய்க்கவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வேறு மாவட்டங்களில் வேறு பல்கலைக்கழகங்களின் கீழ் படித்த தோழிகளிடம் பேசினேன். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தது. ஆகவே இதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் தரும் டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களையும் ஒன்றாகத் தொகுத்த சான்றில், ஒரு வரி இல்லை. ‘தேர்ச்சி பெறக் குறைந்தபட்ச மதிப்பெண்: நூற்றுக்கு 40’ என்ற வரி. அது இல்லாததால், போன அக்டோபரில் ஜெர்மனியில் நான் தொடங்கியிருக்க வேண்டிய முதுநிலைப் படிப்பு கைவிட்டுப் போனது. அந்த வரியைச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதோடு ஒட்டிய இன்னும் சில குறைகளும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா குட்டியானை ஓட்டுகிறார். வாழைத்தார், செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் சவாரி. அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். நான் கல்லூரியில் சேர்ந்த அதே வருடம், 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி, புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் வந்தது. வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அம்மா அதைத் தொட விடவில்லை. “அது உன் படிப்புக் காசு, அதுல கை வைக்கக் கூடாது” என்பார். பாஸ்போர்ட்டுக்குக் கட்டிய 1,500 ரூபாயும் ஜெர்மனிக்குத் தேவையான, ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்குக் கட்டிய 18,000 ரூபாயும் அந்தக் காசுதான்.

ஜெர்மனி என்ற எண்ணம் எனக்கு ஆய்வகத்தில் வந்தது. இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் நியூட்டன் வளையங்கள் என்ற பரிசோதனை. மூலையில் கறுப்புத் துணி தொங்கவிட்டு மறைத்த ஒரு மேசை. சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் மங்கலாகச் சிவந்து, சூடேறி, முழு மஞ்சளுக்கு வரப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை பேசாமல் நிற்க வேண்டும். பிறகு டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் இருட்டும் மஞ்சளுமாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். நடுவிலிருந்து இடது பக்கமாக இருபது வளையம் எண்ணிக்கொண்டே போய், அங்கிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டு திரும்பி வர வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் முதலிலிருந்து. மூன்று வாரம் தவறவிட்டு, நான்காவது வாரம் எனக்கு அந்த மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589-க்கு மிக அருகில் வந்தது. ஓடிப்போய் மேடத்திடம் ரெக்கார்டு நோட்டை நீட்டினேன். மேடம் பார்த்துவிட்டு, “589 என்னம்மா? மீட்டரா, மைலா?” என்றார். நான் நானோமீட்டர் என்று எழுத மறந்திருந்தேன். அரை மதிப்பெண் குறைத்தார். “அலகு இல்லாத எண்ணுக்கு அர்த்தம் கிடையாது” என்று சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினார்.

அந்த மேடம்தான் பிறகு ஒருநாள், ஒளியியலில் மேற்படிப்பு படிக்க ஆசையிருந்தால் ஜெர்மனியைப் பார் என்றார். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நான்கு வருட இளநிலைப் பட்டம் கேட்கும், எங்களுடையது மூன்று வருடம். ஜெர்மனியிலோ இளநிலைப் பட்டமே பொதுவாக மூன்று வருடம்தான், அதனால் எங்கள் பட்டம் அங்கே பொருந்தும். படிப்பும் பல துறைகளில் ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. குட்டியானை ஓட்டுபவர் மகளுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே வெளிநாடு அதுதான்.

கைக்கு எட்டும் என்றாலும் சும்மா எட்டாது. விசாவுக்கு ஒரு வருடச் செலவுத் தொகையை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. நம் காசுக்குப் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வரும். வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பிணை கேட்பார்கள். தாத்தா பெயரில் இருக்கும் எழுபது சென்ட் நிலத்துக்குப் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் அப்பா எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்தார். “அட்மிஷன் லெட்டர் கொண்டாங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்றார் மேலாளர். நல்ல மனிதர். அந்த மஞ்சள் பை இன்னும் பீரோவுக்குள் அப்படியே இருக்கிறது.

இனி, உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலான இடங்களில் கடைசி நாள் ஜூலை 15. சில இடங்களில் மே மாதமே முடிந்துவிடும். இதற்குள் விண்ணப்பம், மதிப்பெண் ஆவணம், ஆங்கிலத் தேர்வு எல்லாம் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு ஆறாம் பருவத் தேர்வு ஏப்ரல் கடைசியில் முடிந்தது. மே மாதம் முதல்முறை ஜன்னலுக்கு வந்தேன். ஐந்து பருவ மதிப்பெண்களுக்கு மட்டுமாவது டிரான்ஸ்கிரிப்ட் கொடுங்கள், அதை வைத்தே விண்ணப்பிக்க அங்கே அனுமதி உண்டு என்று கேட்டேன். “கோர்ஸ் முடிச்சவங்களுக்குத்தான் டிரான்ஸ்கிரிப்ட். ரிசல்ட் வரட்டும்மா” என்றார்கள். ரிசல்ட் ஜூன் 23-ஆம் தேதி வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வந்து செலான் வாங்கிப் பணம் கட்டினேன். பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். சரியாக ஜூலை 15-இலேயே போய் நின்றது.

ஜன்னலில் இருந்த அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவரிடம் நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “உனக்குப் பின்னாடி நாப்பது பேர் இருக்காங்க, நான் ஒருத்திதான் டைப் பண்றேன்” என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னுடையதை எடுத்தார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. எங்கள் மதிப்பெண்கள் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கின்றன, ரிசல்ட்டே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு அவர் என் ஆறு மதிப்பெண் பட்டியல்களின் ஜெராக்ஸை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்கிறார். ஒரு பிள்ளைக்கு நாற்பது வரிக்கு மேல். கோடைவிடுமுறையில் ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள்! எனக்கு வந்த முதல் பிரதியில் ஒரு தாளின் 81 மதிப்பெண் 18 ஆகியிருந்தது. அவர் பதறிப்போனார். திருத்தி, மறுபடி கண்காணிப்பாளர் மேசை, மறுபடி உங்கள் மேசை, மறுபடி முத்திரை என்று சுற்றி வர ஐந்து நாள். அவரை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தால் 81 ஒருநாள் 18 ஆகத்தான் செய்யும்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், இரண்டாயிரம் கொடுத்தால் மூன்றே நாளில் எடுத்துத் தருவதாக ஒருவர் என்னிடம் சொன்னார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இதை விசாரியுங்கள் ஐயா. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜூலை 10-ஆம் தேதி டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வந்தது. பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். மூன்று வருடம் அந்த ஒரு தாளில் இருந்தது. பாடங்களின் பெயர்களை வாசிக்க வாசிக்க மனம் வாடியது. உங்கள் மென்பொருளில் பாடப் பெயருக்கு இவ்வளவு எழுத்துதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது போலும். ‘குவாண்டம் மெக்கானிக்ஸ் அண்ட் ரில’ என்று ஒரு பாடம் பாதியில் நின்றது. ஒரு பருவம் முழுக்க நாங்கள் படித்த சார்பியல் அந்த ‘ரில’வுக்குள் இருந்தது. செய்முறைத் தாள்கள் எல்லாம் ‘மேஜர் பிராக்டிகல் 1, 2, 3’ என்று மட்டும். என்ன ஆய்வகம், எத்தனை மணி நேரம், எதுவும் இல்லை. ஜெர்மானியத் துறைகள் மின்காந்தவியல் எவ்வளவு, குவாண்டம் எவ்வளவு, ஆய்வக வேலை எவ்வளவு என்று பாடவாரியாகப் பிரித்துப் பார்க்கும். அங்கே வருடத்துக்கு 60 கிரெடிட், மூன்று வருடத்துக்கு 180. எங்கள் மூன்று வருடத்துக்கு 140. அங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர வேலை என்று வரையறை உண்டு. எங்கள் ஒரு கிரெடிட் எத்தனை மணி நேரம் என்று டிரான்ஸ்கிரிப்ட்டில் ஓரிடத்திலும் இல்லை.

இவையெல்லாம் பாடத்திட்டத்தை இணைத்துச் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாமல் போனது அந்தத் தேர்ச்சி மதிப்பெண்.

மூன்று பகுதிகளையும் சேர்த்து என் சராசரி 72. அதுவும்கூட டிரான்ஸ்கிரிப்ட்டில் இல்லை. தமிழுக்குத் தனி, ஆங்கிலத்துக்குத் தனி, முதன்மைப் பாடங்களுக்குத் தனி என்று பகுதிவாரியாகத்தான் போட்டிருந்தது. மொத்தச் சராசரியை எங்கள் முதல்வர் ஒரு கடிதத்தில் எழுதித் தந்தார். ஜெர்மனியில் 1 என்பது முதல் தரம், 4 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. வெளிநாட்டு மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை, உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

என் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100-இலிருந்து 72 போனால் 28. நம் தேர்ச்சி மதிப்பெண் 40, ஆகவே இடைவெளி 60. 28-ஐ 60-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.4. ஒன்றைக் கூட்டினால் 2.4. நான் விண்ணப்பித்த மூன்று துறைகளில் இரண்டு கேட்டது 2.5 அல்லது அதைவிட நல்ல தரம். நான் உள்ளே இருக்கிறேன். இப்போது தேர்ச்சி மதிப்பெண்ணை 50 என்று வைத்துப் போடுங்கள். இடைவெளி 50 ஆகிறது. விடை 2.68. நான் வெளியே.

மூன்று வருடமும் நான் எழுதிய தாள்கள் அவையேதான், மதிப்பெண்ணும் அதே 72தான். தேர்ச்சி மதிப்பெண் மாறியதும் விடை மாறிவிடுகிறது.

அந்த இரண்டில் முதல் துறைக்கு எங்கள் தேர்ச்சி மதிப்பெண் தெரியாது. நம் நாட்டிலேயே பொறியியலுக்குப் பல இடங்களில் 50, கலை அறிவியலுக்கு 40 என்று இருப்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்தார், அதில் இல்லை. நான் எங்கள் பாடத்திட்டப் புத்தகத்தில் விதிமுறைப் பக்கத்தைப் பிரதியெடுத்து இணைத்திருந்தேன். எழுத்துத் தேர்வில் 75-க்கு 30, அகமதிப்பீட்டையும் சேர்த்து 100-க்கு 40 என்று அதில் தெளிவாக இருக்கிறது. முதல்வரின் கடிதத்திலும் எழுதி வாங்கியிருந்தேன். ஆகஸ்டில் வந்த நிராகரிப்பில் என் தரம், 2.68-இல் முதல் தசமத்தோடு நிறுத்தி, 2.6 என்று இருந்தது. மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். இரண்டே நாளில், மரியாதையாகப் பதில் வந்தது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் தேர்வு அதிகாரி கையெழுத்திட்ட ஆவணத்தை மட்டும்தான் ஏற்க முடியும், கல்லூரிக் கடிதத்தை ஏற்க முடியாது, ஆவணத்தில் இல்லாததால் 50 என்று எடுத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது துறையும் அதே காரணத்தைச் சொன்னது. மூன்றாவது துறை எல்லோரையும் வரிசைப்படுத்தி மேலிருந்து எடுத்தது. 2.6-ஓடு அந்த வரிசையில் நான் எங்கே நின்றிருப்பேன்!

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரியைக் கேட்டு நான் ஜூலை 11-ஆம் தேதியே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கண்காணிப்பாளர், “நம்ம ஃபார்மட்டே இதுதாம்மா, இத்தனை வருஷமா இதைத்தான் கொடுக்கறோம், யாரும் கேட்டதில்லை” என்றார். தனியாக ஒரு கடிதமாவது தாருங்கள் என்றேன். அப்படிக் கடிதம் கொடுக்க வழிமுறை இல்லை என்றார். இத்தனை வருடமாக யாரும் கேட்டதில்லை என்றால், என்னைப் போல எத்தனை பேர் காரணமே தெரியாமல் நிராகரிப்பை வாங்கிக்கொண்டு, தன் மதிப்பெண் போதவில்லை என்று நினைத்து அடங்கிப்போனார்களோ என்று இரவெல்லாம் யோசித்தேன்.

சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்த என் அத்தை மகனின் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பிறகு பார்த்தேன். பின்பக்கம் முழுக்க விளக்கம். எந்த மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து, தேர்ச்சிக்கு எவ்வளவு, ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம், பயிற்று மொழி எது, எல்லாம் அச்சிலேயே இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து நான்கு நாளில் வாங்கினான். அவனும் நானும் படித்த குவாண்டம் மெக்கானிக்ஸ் ஒன்றுதான். சில லட்சம் கட்டிப் படிப்பவனுக்கு ஒரு பக்க விளக்கம் கிடைக்கிறது, அரசுக் கல்லூரிப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. அந்தப் பக்கத்தை அச்சிட உங்களுக்கு ஒரு தாளின் பின்புறம்தானே ஆகும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதினார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்து. உங்கள் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால். டிரான்ஸ்கிரிப்ட்டில் தலைப்பெழுத்தே விட்டுப்போயிருந்தது. ஆக, நான்கு ஆவணத்தில் நான்கு பெண்கள். முத்திரைத்தாள் வாங்கி, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். ஆவணங்கள் உண்மையானவையா என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்டது அந்த ஏ.பி.எஸ். 2022 நவம்பர் 1-இலிருந்து இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி, ஓர் எழுத்து வேறுபட்டாலும் வயிற்றில் புளி கரைக்கிறது. உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்தில் ‘பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்து, அது சான்றிதழிலும் அடைப்புக்குறிக்குள் வந்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த அலைச்சல் தீரும். இது நமக்கே உரிய சிக்கல். நாம்தான் தீர்க்க வேண்டும்.

என்னோடு முன்வரிசையில் உட்கார்ந்த தோழி ஒருத்தி. அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நிபந்தனையோடு இடம் கொடுத்தது. இறுதி மதிப்பெண்ணும் பட்டச் சான்றும் வந்தால் நிபந்தனை நீங்கும். அவள் நம்பியிருந்தது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையை. நாடு முழுவதற்கும் 125 இடம். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பட்டத்தில் 60 விழுக்காடு வேண்டும். இரண்டுமே அவளிடம் இருந்தன. ஆனால் அதற்கு நிபந்தனை இல்லாத அனுமதிக் கடிதம் வேண்டும். மறுமதிப்பீட்டுக்குப் போட்ட ஒரு தாளின் முடிவு செப்டம்பர் வரை வராததால் அவளுடைய புரொவிஷனல், அதாவது தற்காலிகப் பட்டச் சான்று, நின்றுபோனது. புரொவிஷனல் இல்லாமல் நிபந்தனை நீங்கவில்லை, நிபந்தனை நீங்காமல் உதவித்தொகைக்கு வழியில்லை. அவள் இப்போது ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஃபோன் செய்தால் படிப்பைப் பற்றிப் பேச மறுக்கிறாள்.

பட்டமளிப்பு விழா எங்களுக்கு இன்னும் நடக்கவில்லை. தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று யுஜிசியின் 2008-ஆம் வருட விதிமுறையே சொல்கிறது. எங்களுக்கு டிசம்பரோடு அந்தக் கெடு முடிந்தது. விழாத் தேதி உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். 2023-இல் மாநிலம் முழுக்க ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பட்டத்துக்காகக் காத்திருப்பதாக உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி வெளிப்படையாகவே சொன்னார். ஆளுநருக்கும் அரசுக்கும் இடையில் துணைவேந்தர் நியமனம் இழுபறியாகி, பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமலே நடந்ததையும் நாங்கள் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. மேலே என்ன நடந்தாலும் டிரான்ஸ்கிரிப்ட்டிலும் புரொவிஷனலிலும் இருப்பது உங்கள் கையெழுத்து. அதற்கு விழா தேவையில்லை, ஆளுநர் தேதி தேவையில்லை. அதனால்தான் அவர்கள் யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களால் முடிந்தது என்று நான் நம்புவதை மட்டும் கேட்கிறேன். கணினியில் இருக்கும் மதிப்பெண்ணிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேராக அச்சாகட்டும். அந்த அக்காவின் கண்ணும் விரலும் பிழைக்கும், எங்களுக்கும் நாள் மிஞ்சும். ஐந்து பருவம் முடித்த பிள்ளை கேட்டால், ‘இதுவரை பெற்ற மதிப்பெண்’ என்று குறிப்பிட்டு அதற்கும் ஒன்று கொடுங்கள். இறுதிப் பருவத் தாள்களைத் திருத்தும் வரிசையில் முதலில் வையுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ரிசல்ட் ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. இறுதியாண்டுப் பிள்ளைக்கு ஒரு வாரம் ஒரு வருடம். மறுமதிப்பீடும் அப்படியே. பட்டங்களை டிஜிலாக்கரில் ஏற்றினால் அது மூலச் சான்றிதழுக்குச் சமம் என்று சட்டமே ஏற்கிறது. எங்கள் பேட்ச்சுக்கு இன்னும் ஏறவில்லை, ஏற்றித் தாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வரி. என் ரெக்கார்டு நோட்டில் 589-க்கு அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் குறைத்தார்கள். சரியாகத்தான் குறைத்தார்கள். நான் அதற்குப் பிறகு அலகு எழுதாமல் ஒரு விடையும் எழுதியதில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் 72 அப்படி அலகில்லாமல் நிற்கிறது ஐயா. அது 40-இலிருந்து அளந்ததா 50-இலிருந்து அளந்ததா என்று நீங்கள் எழுதாதவரை, அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை வைத்துக்கொள்வார்கள்.

நான் இப்போது காலையில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், மாலையில் ஜெர்மன் மொழி படிக்கிறேன். இந்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கிறேன், ஐந்து துறைகளுக்கு. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் வாங்குகிறது. அதைச் சேர்த்துவிட்டேன். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், அதனால் அந்தச் செலவு மறுபடி இல்லை. கடைசி நாள் அதே ஜூலை 15.

டிரான்ஸ்கிரிப்ட்டுக்குப் புதிதாகச் செலான் கட்டியிருக்கிறேன். விண்ணப்பத்தோடு நானே தயாரித்த ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கள் பாடத்திட்ட விதிமுறையில் உள்ளதைத் தவிர ஒரு சொல்லும் அதில் கூடுதலாக இல்லை. உச்ச மதிப்பெண் 100, தேர்ச்சி மதிப்பெண் 40, எழுத்துத் தேர்வில் 75-க்கு 30, மூன்று வருடத்துக்கு 140 கிரெடிட், பயிற்று மொழி ஆங்கிலம். பாடப் பெயர்கள் முழுமையாக, ‘ரிலேட்டிவிட்டி’ உட்பட. பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வேறு யாருக்கு வேண்டுமானாலும் அப்படியே பயன்படும். கீழே வலது பக்கம் உங்கள் கையெழுத்துக்கும், இடது பக்கம் முத்திரைக்கும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
2025-இல் படிப்பை முடித்த இயற்பியல் மாணவி